ஆம்ஸ்டர்டாம் எதிர்ப்பு இயக்க அருங்காட்சியகம்: குடும்பத்தோடு போகலாமா?

நிலாமதி கேட்கிறார்:

வணக்கம். கோடை விடுமுறையில் நெதர்லாந்து வருகிறோம். ஆம்ஸ்டர்டாமில் இரண்டே நாள். ஆன் ஃபிராங்க் வீட்டுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை; இணையத்தில் வரிசை நகர்ந்து என் முறை வந்தபோது எங்கள் தேதிகள் முழுதும் தீர்ந்திருந்தன. அதற்குப் பதிலாக, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பை டச்சு மக்கள் எதிர்த்ததைப் பற்றிய அருங்காட்சியகம் ஒன்று இருப்பதாகப் பார்த்தேன்.

மகனுக்குப் பதினைந்து வயது, மகளுக்குப் பத்து. உடன் என் மாமியாரும் வருகிறார். அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். கணவரோ, "போர் அருங்காட்சியகம் என்றால் தொப்பியும் துப்பாக்கியும்தானே, எல்லா ஊரிலும் ஒன்றுதான்" என்கிறார். மகனும் அவர் கட்சி. அரை நாள் செலவழிக்கத் தகுந்த இடமா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வழிப்போக்கன் எழுதுகிறார்:

ஆன் ஃபிராங்க் வீட்டு டிக்கெட்டுகளை ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஆறு வாரம் முன்கூட்டியே வெளியிடுகிறார்கள். அடுத்த முறைக்கு நினைவில் இருக்கட்டும். நீங்கள் சொல்லும் அருங்காட்சியகத்தில் அந்த நெருக்கடி கிடையாது. ஆர்ட்டிஸ் விலங்குக் காட்சிசாலைக்கு நேர் எதிரில், பிளாந்தாஜ கெர்க்லான் தெருவில் இருக்கிறது. 14ஆம் எண் டிராம் பக்கத்திலேயே நிற்கும். பிள்ளைகளை விலங்குகளைக் காட்டி அழைத்துப் போய், அப்படியே எதிர்ப்புறம் நுழைந்துவிடலாம்.

---

பழைய குமாஸ்தா எழுதுகிறார்:

அம்மா நிலாமதி, தாராளமாகப் போங்கள். ஆனால் விலங்குகளைக் காட்டிவிட்டுப் போக வேண்டாம். களைத்த கால்களோடு பார்க்கும் இடமில்லை அது. காலையில் முதலில் அங்கே போங்கள்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. துப்பாக்கியும் உண்டு, அதைச் சுற்றிக் கூட்டமும் உண்டு. அந்தக் கூட்டத்தை விட்டு விலகிச் சின்னச் சின்னக் காகிதங்கள் இருக்கும் பக்கம் போகச் சொல்லுங்கள். நான் பதிவேடு, கோப்பு, முத்திரை என்றே உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது மகள் வீட்டோடு யூட்ரெக்டில் இருக்கிறேன். விருந்தாளி யார் வந்தாலும் அந்த அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகும் பொறுப்பு என்னுடையது. என் கண் எப்போதும் போய் நிற்பது அடையாள அட்டையில்தான்.

பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைக்கிற சைஸில் ஓர் அட்டை. ஒரு புகைப்படம், பக்கத்தில் ஒரு கைரேகை, எண், கையெழுத்து, முத்திரை. யூதர் என்றால் கறுப்பாகப் பெரிய ஒரு "ஜே" எழுத்து. 1941 முதல், பதினைந்து வயது நிரம்பிய ஒவ்வொருவரும் இதை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். (உங்கள் மகனின் வயது என்பதால் சொல்கிறேன். அவனையே அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் நிறுத்திப் பாருங்கள்.)

இதை வடிவமைத்தவர் ஜெர்மானியர் இல்லை. யாக்கோப் லென்ட்ஸ் என்ற டச்சு அதிகாரி. நாடு முழுவதற்குமான மக்கள்தொகைப் பதிவேடுகளின் தலைமை ஆய்வாளர். இப்படி ஓர் அட்டையைக் கொண்டுவர வேண்டும் என்று போருக்கு முன்பே தன் சொந்த அரசாங்கத்திடம் திட்டம் கொடுத்தார். இது நம் நாட்டு மரபுக்கு ஒவ்வாது என்று அவர்கள் தள்ளிவிட்டார்கள். 1940 மே மாதம் ஜெர்மானியப் படை உள்ளே வந்தது, ராட்டர்டாம் குண்டுவீச்சில் எரிந்தது, அரசி வில்ஹெல்மினா லண்டனுக்குப் போனார், நாடு சரணடைந்தது. லென்ட்ஸின் கோப்புக்கு இப்போது கேட்பார் கிடைத்தார்கள். நீர்க்குறியுள்ள தனிக் காகிதம், விசேஷ மை, பிரித்தெடுத்தால் காட்டிக்கொடுத்துவிடும் பசை என்று பார்த்துப் பார்த்துச் செய்தார். ஐரோப்பாவிலேயே போலி செய்யக் கடினமான அட்டைகளில் ஒன்றாக அது அமைந்தது. அவர் யூத வெறுப்பால் இதைச் செய்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. வேலை சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கவலை. இந்த வகை ஆட்களோடு நான் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன். கோப்பில் ஒரு புள்ளி தவறினால் தூக்கம் வராது; அந்தக் கோப்பு எதற்கு என்று மட்டும் கேட்க மாட்டார்கள்.

அட்டையைப் போலியாகச் செய்தால் மட்டும் போதாது என்பதுதான் இதில் கொடுமை. அதே விவரம் நகராட்சிப் பதிவேட்டிலும் இருக்கும். புகைப்படமும் கைரேகையும் கொண்ட இன்னொரு பிரதி ஹேக் நகரிலுள்ள மத்திய அலுவலகத்தில் இருக்கும். சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார்கள். அப்படியானால் என்ன செய்வது? பதிவேட்டையே கொளுத்த வேண்டும்.

கொளுத்தினார்கள். அருங்காட்சியகத்திலிருந்து வெளியே வந்து அதே தெருவில் 36ஆம் எண் கட்டடத்தைப் பாருங்கள். ஆம்ஸ்டர்டாமின் மக்கள்தொகைப் பதிவேடு அங்கேதான் இருந்தது. 1943 மார்ச் 27ஆம் தேதி இரவு, போலீஸ் சீருடையில் சிலர் வந்தார்கள். சீருடையைத் தைத்தவர் அவர்களுடைய ஆளான சியூர்ட் பாக்கர் என்ற தையற்கலைஞர். குழுவை நடத்தியவர்களில் வில்லெம் அரொந்தேயுஸ் ஓர் ஓவியர், எழுத்தாளர். கெரித் வான் டெர் வேன் ஒரு சிற்பி. காவலர்களைக் கொல்லவில்லை. மருத்துவ மாணவர்கள் மயக்க ஊசி போட்டார்கள். தூங்கியவர்களைத் தூக்கிப்போய் விலங்குக் காட்சிசாலைத் தோட்டத்தில் கிடத்தினார்கள். பிறகு இழுப்பறைகளைத் திறந்து அட்டைகளைத் தரையில் கொட்டி, தீ வைத்து, வெடிவைத்தார்கள்.

அடுத்து வந்த தீயணைப்பு வீரர்களைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சாவகாசமாக வந்தார்கள். நெருப்பு அணைந்த பிறகும் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். தீக்குத் தப்பிய காகிதத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் ஊறவைத்துவிட்டுப் போனார்கள். தங்கள் வேலையைக் கொஞ்சம் "கூடுதலாக" செய்தார்கள்.

எட்டு லட்சம் அட்டைகளில் ஏறத்தாழ 15 சதவீதம்தான் அழிந்தது. காட்டிக்கொடுப்பால் குழுவில் பெரும்பாலோர் பிடிபட்டார்கள். அந்த ஆண்டு ஜூலை 1ஆம் தேதி பன்னிரண்டு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அரொந்தேயுஸ் தன்பாலின ஈர்ப்பாளர். தன்னைப் போன்றவர்கள் கோழைகள் இல்லை என்பதை உலகுக்குச் சொல்லுங்கள் என்று சாவதற்கு முன் தன் வழக்கறிஞத் தோழியிடம் கேட்டுக்கொண்டார். வெகுகாலம் அதைப் பெரிதாக யாரும் சொல்லவில்லை. ஹேக் நகரிலிருந்த மத்தியப் பிரதியை 1944 ஏப்ரலில் பிரிட்டிஷ் விமானங்கள் வந்து குண்டுபோட்டுத் தாக்கின; அதில் ஒரு பகுதி அழிந்தது. அந்த அலுவலகத்தில் வேலை பார்த்த பலரும் அந்தத் தாக்குதலில் செத்தார்கள்.

போருக்குப் பிறகு லென்ட்ஸுக்கு மூன்று ஆண்டுச் சிறை.

---

வடகடல் எழுதுகிறார்:

ஐயா நன்றாக எழுதியிருக்கிறார். ஆனால் போகிறவர் ஒரு சங்கதியைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். நெதர்லாந்தில் இருந்த சுமார் 1,40,000 யூதர்களில் ஏறத்தாழ 1,02,000 பேர் கொல்லப்பட்டார்கள். நான்கில் மூன்று பங்கு. மேற்கு ஐரோப்பாவில் இவ்வளவு மோசமான விகிதம் வேறெங்கும் இல்லை. அப்படிப்பட்ட நாட்டில் "எதிர்ப்பு"க்கு ஓர் அருங்காட்சியகம் என்றாலே எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

இன்னொன்று. 1945 மே மாதம் டச்சுக்காரர்கள் விடுதலை பெற்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் தேதி சுகர்ணோவும் ஹத்தாவும், டச்சுக் காலனியாக இருந்த இந்தோனேசியாவின் விடுதலையை அறிவித்தார்கள். ஐந்தாண்டு அந்நியன் காலடியில் கிடந்தவர்கள் என்ன செய்தார்கள்? கப்பலில் படையை அனுப்பி 1949 வரை அங்கே சண்டை போட்டார்கள்.

---

பழைய குமாஸ்தா எழுதுகிறார்:

வடகடல் தம்பி, உங்கள் உறுத்தல் எனக்கும் உண்டு. அதை ஒளிக்காமல் வைத்திருக்கிறார்கள் என்பதால்தான் இந்த இடத்தைச் சிபாரிசு செய்கிறேன். 1980களில் தொடங்கியபோது இது எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தவர்கள் தங்களுக்காகவே முனைந்து உருவாக்கிய இடம். அப்போது லெக்ஸ்ட்ராட் தெருவில் ஒரு பழைய யூதத் தொழுகைக்கூடத்தில் இருந்தது. 1999இல்தான் இங்கே வந்தார்கள். 2022இல் நிரந்தரக் கண்காட்சியையே மாற்றி அமைத்து, ஏறத்தாழ நூறு மனிதர்களின் கதைகளாகச் சொல்கிறார்கள். எதிர்த்தவன், ஒத்துப்போனவன், ஒத்துழைத்தவன், வேட்டையாடப்பட்டவன் எல்லாரும் பக்கத்துப் பக்கத்தில். டச்சுக் காலனிகளும் அதில் உண்டு. நூறையும் படிக்கப் புறப்பட்டால் மூச்சு முட்டும். பத்தோ பன்னிரண்டோ போதும்.

நீங்கள் சொன்ன நான்கில் மூன்று பங்குக்கு என்னைக் கேட்டால் ரயிலைச் சொல்வேன். 1944 செப்டம்பர் 17ஆம் தேதி, லண்டனிலிருந்த டச்சு அரசின் அழைப்பின்பேரில் ரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். முப்பதாயிரம் பேர். நேச நாட்டுப் படைகள் ஆர்ன்ஹெமில் இறங்கிய நாள் அது. துணிச்சலான காரியம், மறுக்கவில்லை. அவர்களுக்கு மாதச் சம்பளம் போக வேண்டுமே, அதற்கு வால்ராவன் வான் ஹால் என்ற வங்கியாளர் வழி செய்தார். தேசிய வங்கியின் பெட்டகத்திலிருந்த கருவூலப் பத்திரங்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் போலிகளை வைத்து, அசலைப் பணமாக்கினார்! நாட்டு வங்கி வரலாற்றிலேயே மிகப் பெரிய மோசடி. ஒரு காசு தன் பைக்குப் போகவில்லை. 1945 பிப்ரவரியில் ஹார்லெமில் அவரைச் சுட்டார்கள். தேசிய வங்கிக் கட்டடத்துக்கு எதிரே, பிரெடெரிக்ஸ்பிளைன் சதுக்கத்தில், வெட்டுண்டு விழுந்த மரம்போல வெண்கலத்தில் அவருக்கு நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் தேதியைப் பாருங்கள். வெஸ்டர்போர்க் இடைத்தங்கல் முகாமிலிருந்து யூதர்களை வதைமுகாமுக்கு ஏற்றிக்கொண்டு கடைசி ரயில் புறப்பட்டது 1944 செப்டம்பர் 13. வேலைநிறுத்தத்துக்கு நான்கு நாள் முன்பு. அதுவரை 1942 ஜூலை முதல் ஒவ்வொரு வண்டியும் ஒழுங்காக ஓடியது. அதற்கான கட்டணத்தையும் ரயில்வே நிறுவனம் வாங்கிக்கொண்டது. 2005இல் மன்னிப்புக் கேட்டார்கள். 2019இல் உயிரோடு இருப்பவர்களுக்கும் வாரிசுகளுக்கும் இழப்பீடு கொடுப்பதாக அறிவித்தார்கள். செப்டம்பர் 13, 17 என்ற அந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபிறகு எனக்கு வீரக்கதை கேட்கும் மனநிலையே போய்விட்டது. அதற்காக வான் ஹாலைக் குறைத்து மதிப்பிடவும் மனம் வரவில்லை.

ஒன்றும் செய்யவில்லை என்று ஒரேயடியாகச் சொல்லவும் முடியாது. 1941 பிப்ரவரியில் ஜெர்மானியர்கள் யூதக் குடியிருப்பில் புகுந்து நானூறுக்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு நாளில், 25ஆம் தேதி காலை, ஆம்ஸ்டர்டாமில் டிராம் ஓடவில்லை. துறைமுகம், தொழிற்சாலை, நகராட்சி என்று வரிசையாக நின்றுபோயின. தொடங்கிவைத்தவர்களில் முக்கியமானவர்கள் வில்லெம் க்ரான், பீட் நாக். இருவரும் நகராட்சித் தொழிலாளர்கள், கம்யூனிஸ்டுகள். யூதர்களைப் பிடித்ததை எதிர்த்து, ஆக்கிரமிப்பில் இருந்த ஒரு நாட்டின் தொழிலாளர்கள் நகரத்தையே நிறுத்தினார்கள் என்பது சாதாரண விஷயமில்லை. மறுநாள் துப்பாக்கியால் அடக்கிவிட்டார்கள்.

காலனி பற்றி: தென் அமெரிக்காவில் டச்சுக் காலனியாக இருந்த சூரினாமைச் சேர்ந்த ஆன்டன் டெ கோம் பெயரைத் தேடிப் படியுங்கள். சூரினாமில் டச்சு ஆட்சியை எதிர்த்ததற்காகச் சிறை; நாடு கடத்தல்; நெதர்லாந்தில் போலீசின் கண்காணிப்பு. அதே மனிதர் போர்க்காலத்தில் தலைமறைவுப் பத்திரிகைகளில் எழுதி, பிடிபட்டு, 1945 ஏப்ரலில் ஜெர்மானிய முகாமில் இறந்தார். தம்பி கேட்ட கேள்விக்கு அவர் வாழ்க்கைதான் பொருத்தமான பதில்.

---

நிலாமதி எழுதுகிறார்:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி ஐயா. தையற்காரர், மயக்க ஊசி, தீயணைப்பு வண்டி எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். மகன் கைப்பேசியைக் கீழே வைத்தான். கணவரும் "சரி, போகலாம்" என்றார்.

இரண்டு கேள்விகள் மிச்சம். மகளுக்கு இது கடுமையாக இருக்குமா? மாமியாரை என்ன செய்வது? உள்ளே உட்கார்ந்தே இருக்கும்படி ஆகிவிடக் கூடாது.

---

அம்ஸ்டல்வேன் வாசகி எழுதுகிறார்:

மகளைப் பற்றிக் கவலை வேண்டாம். உள்ளேயே பிள்ளைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது, ஒன்பது வயது முதல் பதினான்கு வயது வரையிலானவர்களுக்காக. ஏவா, யான், நெல்லி, ஹெங்க் என்று நான்கு பிள்ளைகள். எல்லாரும் உண்மையில் வாழ்ந்தவர்கள். அவரவர் வீடுகளுக்குள் நுழைந்து இழுப்பறையைத் திறந்து, கதவைத் தள்ளி, தானாகவே கண்டுபிடித்துக்கொண்டு போகலாம். ஏவா யூதச் சிறுமி. யான் வீட்டார் எதிர்ப்பில் இருந்தவர்கள். ஹெங்க் வீட்டில் எதிலும் தலையிடாமல் இருந்தார்கள். நெல்லியின் பெற்றோர் டச்சு நாஜிக் கட்சி உறுப்பினர்கள்.

என் மகள் வெகுநேரம் இருந்தது நெல்லி வீட்டில்தான். "இவளும் நல்ல பெண்தானே, இவளை ஏன் யாரும் விளையாடச் சேர்த்துக்கொள்ளவில்லை?" என்று கேட்டாள். நான் சட்டென்று பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். பக்கத்தில் நின்ற பள்ளி ஆசிரியை ஒருவர் தன் வகுப்புப் பிள்ளைகளிடம் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பெரியவர்கள் பகுதியில் முகாம் படங்கள் சில உண்டு. அங்கே மட்டும் நீங்கள் கூட இருங்கள்.

---

பழைய குமாஸ்தா எழுதுகிறார்:

மாமியார் விஷயத்துக்கு நான் வழி சொல்கிறேன். உள்ளே ஒலி வழிகாட்டி இருக்கிறது, ஆனால் தமிழில் இல்லை. ஆகையால் அவருக்கு உள்ளே காட்டுவதைவிட வெளியே காட்டுவது அதிகம். பேரன் சொல்ல, அவர் கேட்கட்டும்.

அருங்காட்சியகத்திலிருந்து மூலை திரும்பினால் பிளாந்தாஜ மிடன்லான். அங்கே ஹொலாந்துஸ ஸ்கவ்புர்க் என்ற பழைய நாடகக் கொட்டகையின் முகப்பு நிற்கிறது. பிடித்த யூதர்களை ஏற்றி அனுப்பும்வரை அடைத்து வைத்த இடம் அது. எதிர்ச்சாரியில் ஒரு குழந்தைகள் காப்பகம். சிறு பிள்ளைகளை மட்டும் பிரித்து அங்கே வைத்தார்கள். காப்பகத்தின் தலைவி ஹென்ரியெட்டே பிமென்டெல். கொட்டகையில் பட்டியல் பார்த்துக்கொண்டிருந்த வால்டர் சூஸ்கின்ட் பிள்ளைகளின் பெயர்களைப் பதிவிலிருந்து மறையச் செய்தார். (மறுபடியும் பதிவேடு!) பக்கத்துக் கட்டடம் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி, அதன் தலைவர் யோஹான் வான் ஹுல்ஸ்ட். வேலிக்கு மேலே பிள்ளைகளைக் கைமாற்றுவார்கள். கல்லூரி வழியாகப் பின்னர் வெளியேற்றுவார்கள்.

நடுவே டிராம் பாதை. கொட்டகை வாசலில் காவல். டிராம் வந்து இரண்டுக்கும் நடுவே நின்றதும், காவலர் கண்ணுக்கு இந்தப் பக்கம் மறைந்துவிடும். அந்தச் சில விநாடிகளில் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு டிராம் கூடவே நடந்து போய்விடுவார்கள். ஏறத்தாழ அறுநூறு பிள்ளைகள் இப்படித் தப்பினார்கள். பிமென்டெலும் சூஸ்கின்டும் தப்பவில்லை. அந்தக் கல்லூரிக் கட்டடத்தில் 2024 முதல் தேசிய ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகம் இயங்குகிறது.

இன்றைக்கும் டிராம் அதே தெருவில்தான் ஓடுகிறது, இப்போது 14ஆம் எண். எதிர்ச்சாரியில் நின்று, ஒரு டிராம் வந்து மறைத்துவிட்டுப் போகும்வரை உங்கள் மாமியாரைப் பார்க்கச் சொல்லுங்கள். மொழி தேவைப்படாது.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் யோனாஸ் டானியல் மெயர் சதுக்கம். 1941 வேலைநிறுத்தத்துக்காக எழுப்பிய துறைமுகத் தொழிலாளியின் சிலை இருக்கிறது. மாரி அந்திரீசன் செய்தது. ஆள் கொஞ்சம் பருமன், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு வெறுங்கையோடு நிற்பார். ஒவ்வொரு பிப்ரவரி 25ஆம் தேதியும் அங்கே கூடுகிறார்கள். மாமியாருக்கு நடக்கச் சிரமம் என்றால் அந்த ஒன்றை விட்டுவிடுங்கள், கொட்டகையை மட்டும் விடாதீர்கள்.

---

வழிப்போக்கன் எழுதுகிறார்:

ஒரு சேர்க்கை. மியூசியம்கார்ட் (நெதர்லாந்து அருங்காட்சியகங்களுக்கான ஆண்டு அட்டை) வைத்திருக்கும் உறவினர் யாராவது உடன் வந்தால் அவருக்கு நுழைவு இலவசம். உங்களுக்கு அது பயன்படாது. இரண்டு நாளுக்காக அதை வாங்கவும் வேண்டாம். உள்ளே நுழைந்ததும் பையை லாக்கரில் வைத்துவிட்டு, மகளைப் பிள்ளைகள் பகுதிக்குக் கடைசியில் அழைத்துப் போங்கள். முதலில் போனால் வெளியே வர மாட்டாள்.

---

வடகடல் எழுதுகிறார்:

குமாஸ்தா ஐயா, அடுத்த முறை விருந்தாளி யாரையாவது அழைத்துப் போகும்போது எனக்கும் சொல்லுங்கள். நான் லெய்டனில்தான் இருக்கிறேன். வாதம் முடியவில்லை.